கருவில் மரபணு வெளிப்படும் வடிவத்தை ஃப்ராக்டல் பரிமாணத்தால் அளக்கலாமா? செய்முறையும் சறுக்கும் இடங்களும்

கேள்வி இது: கருவில் ஒரு மரபணு வெளிப்படும் (அதாவது செல் அதைப் படித்து ஆர்என்ஏ உருவாக்கும்) இடங்களுக்குச் சாயமேற்றிப் படமெடுத்தால் கிடைக்கும் வடிவத்தை ஃப்ராக்டல் பரிமாணம் (பெரிதாக்கப் பெரிதாக்க அதே கரடுமுரடு தெரியும் வடிவம் எந்த அளவுக்கு இடத்தை நிரப்புகிறது என்று காட்டும் அளவு) என்ற ஒரே எண்ணாகச் சுருக்க முடியுமா? அந்த எண்ணை வைத்து இயல்பான கருவையும் மரபணு மாற்றம் பெற்ற கருவையும் ஒப்பிடலாமா? எப்படிச் செய்வது?

ஒப்பிடலாம். ஆனால் எந்த நீளத்திலிருந்து எந்த நீளம் வரை அளக்கப்போகிறோம் என்பதை மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். கட்டம் எண்ணும் நிரலுக்கு எந்தப் படத்தைக் கொடுத்தாலும் 0-க்கும் 2-க்கும் நடுவே ஓர் எண்ணைத் தந்துவிடும். அந்த எண்ணுக்குப் பொருள் உண்டா இல்லையா என்று நிரலுக்குத் தெரியாது. கருவின் உடலமைப்பு தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

முறை எளிது. படத்தின் மேல் சதுரக் கட்டங்களை விரித்து, சாயம் ஏறிய பகுதி எத்தனை கட்டங்களைத் தொடுகிறது என்று எண்ணுகிறோம். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கி மறுபடி எண்ணுகிறோம். நேர்கோடாக இருந்தால் எண்ணிக்கை இரு மடங்காகும், பரிமாணம் 1. முழுக்க நிரம்பிய பரப்பாக இருந்தால் நான்கு மடங்காகும், பரிமாணம் 2. ஒவ்வொரு முறையும் மூன்று மடங்காகிக்கொண்டே போனால் 1.585. எண்ணிக்கையின் மடக்கையைக் கட்டப் பக்கத்தின் மடக்கைக்கு எதிரே வரைந்தால் வரும் கோட்டின் சரிவுதான் பரிமாணம். கழித்தல் குறியை விட்டுவிடலாம்.

கடற்கரைகளையும் நாட்டு எல்லைகளையும் அளந்த லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், அளவுகோல் சிறுக்கச் சிறுக்க நீளம் கூடிக்கொண்டே போவதைக் கண்டார். 1967-ல் பெனுவா மாண்டல்பிராட் பிரிட்டன் கடற்கரையை எடுத்துக்காட்டாக வைத்து அதற்குப் பின்னப் பரிமாணம், அதாவது முழு எண்ணாக இல்லாத பரிமாணம், என்ற விளக்கத்தைக் கொடுத்தார். கடற்கரைக்கு ஒரு வசதி உண்டு. நூறு கிலோமீட்டரில் தொடங்கி நூறு மீட்டருக்குக் கீழேயும் இறங்கிக்கொண்டே போகலாம். கருவில் அப்படி இறங்க முடியாது. கீழே செல்லின் அளவு தடுக்கும், மேலே உறுப்பின் அளவு தடுக்கும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இது உயிரியலுக்கு மட்டுமே உள்ள சிக்கல் என்று எண்ண வேண்டாம். 1998-ல் அவ்னிரும் மூன்று சக ஆய்வாளர்களும் இயற்பியல் இதழ்களில் ஃப்ராக்டல் என்று அறிவிக்கப்பட்ட அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அளவீட்டு வீச்சு 1.3 தசமப் படிகளைச் சுற்றியே இருந்தது. ஒரு தசமப் படி என்றால் பத்து மடங்கு. 1.3 படி என்றால் சுமார் இருபது மடங்கு, அவ்வளவுதான்.

எல்லோரும் முதலில் எடுப்பது பழ ஈயின் கரு, ஏழு பட்டைகளாக வெளிப்படும் ஈவ்ன்-ஸ்கிப்டு மரபணு. படம் அழகானதுதான், ஆனால் இந்த முறைக்கு அது பொருந்தாது. காரணத்தைக் கணக்கிலேயே பார்க்கலாம். கருவின் நீளம் சுமார் 500 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), தடிமன் சுமார் 180. பதினான்காம் உட்கருச் சுழற்சியில், அதாவது உட்கருக்கள் பதின்மூன்று முறை பிரிந்த பின், மேற்பரப்பில் ஏறத்தாழ 6000 உட்கருக்கள் 6 முதல் 7 மைக்ரான் இடைவெளியில் நிற்கின்றன. பட்டையின் விளிம்பை அளப்பதாக வைத்துக்கொள்வோம். 6 மைக்ரானுக்குக் கீழே போனால் தனிச் செல்லின் வழவழப்பான ஓரத்தைத்தான் அளக்கிறீர்கள். சரிவு 1-க்கு வந்துவிடும். மேலே போகலாம் என்றால் கரு உருளை வடிவம். நுண்ணோக்கியை நேராகப் பார்க்கும் நடுக்கோட்டிலிருந்து 30 பாகை விலகும்போதே மேற்பரப்பு 13% குறுகித் தெரியும். 60 பாகையில் பாதியாகிவிடும். 30 பாகைக்குள் நின்றால் கையில் இருப்பது நடுக்கோட்டின் இருபுறமும் 45 மைக்ரான், மொத்தம் 90 மைக்ரான் அகலம். கட்டத்தின் பக்கம் இந்த அகலத்தின் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்ற வழக்கமான விதியை வைத்தால், 7 மைக்ரானிலிருந்து 22 மைக்ரான் வரைதான் வீச்சு. மூன்று மடங்கு. இதில் ஒரு கோட்டைப் பொருத்தி 1.12 என்று அறிவிப்பதில் எந்தப் பொருளும் இல்லை.

பட்டைக்கு வேறு நல்ல அளவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு உட்கரு வரிசையிலும் விளிம்பு எங்கே விழுகிறது என்பதைக் கருவின் நீளத்தில் சதவீதமாகக் குறித்து, அதன் திட்ட விலக்கத்தை எடுங்கள். கருவின் நடுப்பகுதியில் விழும் ஹன்ச்பேக் மரபணு வெளிப்படும் பகுதியின் எல்லை, கருவுக்குக் கரு நீளத்தில் 1% அளவுக்கே நகர்கிறது. அதாவது சுமார் 5 மைக்ரான், ஓர் உட்கரு இடைவெளிக்கும் குறைவு. இந்தத் துல்லியம் பின்னப் பரிமாணத்தில் தெரியாது, திட்ட விலக்கத்தில் பளிச்சென்று தெரியும்.

ஃப்ராக்டல் அளவு உண்மையாகவே கைகொடுக்கும் இடம், செல்லுக்கும் திசுவுக்கும் நடுவே பெரிய இடைவெளி உள்ள வடிவங்கள். கோழிக் கருவின் மஞ்சள்கருப் பையில் (மஞ்சள்கருவைச் சூழ்ந்திருக்கும் உறையில்) இரத்தக் குழாய்ச் சுவரின் செல்களை விஇஜிஎஃப் (இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) ஏற்பி-2 மரபணுவின் ஆர்என்ஏ கொண்டு அடையாளமிட்டால், 10 மைக்ரான் தந்துகியிலிருந்து சென்டிமீட்டர் கணக்கில் விரியும் வலை வரை ஒரே படத்தில் கிடைக்கும். இதில் நடக்கும் மாற்றமும் முக்கியமானது. முதலில் தேன்கூடு போன்ற சீரான தந்துகி வலை உருவாகிறது. அடைகாத்த இரண்டாம் நாளில் இதயம் துடிக்கத் தொடங்கி இரத்தம் ஓட ஆரம்பித்ததும், சில குழாய்கள் தடித்து, சில மறைந்து, வலை மரம்போல் கிளைக்கிறது. ஓட்டத்தைத் தடுத்தால் இந்த மறுசீரமைப்பு நடப்பதில்லை. வலையா மரமா என்ற கேள்விக்குத்தான் அளவுக்கு அளவு மாறும் சரிவு நேரான விடை தரும்.

எப்படி என்று பாருங்கள். தேன்கூட்டு வலையில் கண்ணிகளின் அகலம் 80 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். கட்டம் 80-ஐ விடச் சிறிதாக இருக்கும்போது ஒவ்வொரு கட்டமும் ஒரு குழாய்க் கோட்டைத்தான் பார்க்கிறது, சரிவு 1. கட்டம் 80-ஐ விடப் பெரிதானதும் எல்லாக் கட்டத்திலும் ஏதாவது ஒரு குழாய் இருக்கும், சரிவு 2. இரண்டும் கலந்த பகுதியில் கோட்டைப் பொருத்தினால் 1.5 சொச்சம் வரும். அது ஃப்ராக்டல் இல்லை, ஒரு கண்ணி அகலத்தைக் கடந்துபோன தடம் மட்டுமே. மரமாகக் கிளைத்த வலையில் பெரிய இடைவெளிகளும் சிறிய இடைவெளிகளும் படிநிலையாக இருப்பதால் சரிவு நெடுந்தூரம் ஒரே மதிப்பில் நிற்கும். ஆகவே ஒற்றை எண்ணை நம்பாமல், அடுத்தடுத்த நான்கு கட்ட அளவுகளுக்கு ஒரு சரிவு என்று நகர்த்திக்கொண்டே போய், அந்தச் சரிவுகளைக் கட்ட அளவுக்கு எதிரே வரையுங்கள். குறைந்தது ஒரு தசமப் படிக்காவது 0.05-க்குள் ஏற்ற இறக்கத்தோடு சமதளம் தெரிந்தால் மட்டும் பரிமாணம் என்று சொல்லுங்கள். 1-லிருந்து 2-க்கு ஏறும் ஒரு படிக்கட்டு தெரிந்தால், படி ஏறும் இடமே உங்கள் விடை: கண்ணியின் அகலம். பல சமயம் உயிரியலுக்கு அந்த மைக்ரான் கணக்குதான் கூடுதல் பயன் தரும்.

இனி செய்முறை. திசுவை 4% பாராஃபார்மால்டிஹைடில் 4 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வைத்துப் பதப்படுத்துங்கள். டிகாக்சிஜெனின் என்ற அடையாள மூலக்கூறு இணைத்த, தேடும் ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொள்ளும் ஆர்என்ஏ துணுக்கை 50% ஃபார்மமைடு உள்ள கரைசலில் 65 முதல் 70 டிகிரியில் இரவு முழுக்கப் பிணைய விடுவது வழக்கம். அடுத்து அந்த அடையாளத்தைப் பிடிக்கும், அல்கலைன் பாஸ்படேஸ் நொதி இணைத்த எதிர்ப்பொருள், கடைசியாக அந்த நொதி நிறமாக மாற்றும் என்பிடி, பிசிஐபி சேர்த்து நிறமூட்டல். சறுக்கல் இந்தக் கடைசிப் படியில்தான். நொதி தரும் ஊதா நிறம் ஆர்என்ஏவின் அளவுக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. ஓர் அளவுக்குமேல் நிறைந்துபோய் பக்கத்திலும் கசியும். பத்து நிமிடம் கூடுதலாக ஊற விட்டால் குழாய்களுக்கு இடையிலுள்ள வெளி நிரம்பிச் சரிவு 2-ஐ நோக்கிப் போகும். சீக்கிரம் நிறுத்தினால் மெல்லிய தந்துகிகள் துண்டு துண்டாகத் தெரிந்து சரிவு இறங்கும். இயல்பான கருக்களை ஒரு நாளும் மாற்றம் பெற்றவற்றை மறுநாளும் சாயமேற்றினால் நீங்கள் காணும் வேறுபாடு கடிகாரத்தின் வேறுபாடாக இருக்கலாம். இரண்டையும் ஒரே சோதனைக் குழாயில் ஒன்றாகப் போட்டு, ஒரே நேரத்தில் நிறுத்துங்கள். அடையாளத்துக்கு ஒரு வகையின் ஓரத்தில் சிறு வெட்டு போதும். வசதி இருந்தால் நொதியையே தவிர்த்து ஒளிரும் சாயத் துணுக்குகளுக்கு மாறுவது நல்லது. துணுக்கு உள்ளே நுழைவதற்காகச் சேர்க்கும், புரதத்தைச் செரிக்கும் புரோட்டினேஸ்-கே நொதி கூடிப்போனாலும் மேற்பரப்பு பிய்ந்து, விளிம்பு பொய்யாகக் கரடுமுரடாகும். சீப்ரா மீன் கருவில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கருவுக்கு 24 மணி நேர வயதாவதற்கு முன்பே 0.003% பிடியூ (நிறமி உருவாவதைத் தடுக்கும் பொருள்) சேர்க்காவிட்டால் கரும் நிறமிகள் சாயம் போலவே கட்டங்களில் எண்ணப்பட்டுவிடும்.

படமெடுக்கும்போது 16 பிட் அல்லது 12 பிட்டில், எந்தப் பிக்சலும் உச்சத்தைத் தொடாதபடி எடுங்கள். டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் கூடவே கூடாது. அது படத்தை 8-க்கு 8 பிக்சல் தொகுதிகளாகச் சுருக்குவதால் 8 பிக்சல் அளவில் இல்லாத அமைப்பு முளைக்கும், அது நேராக உங்கள் சரிவில் ஏறும். குழாய் வலைக்கு ஒரு பிக்சலுக்கு 2 மைக்ரான் போதும். 10 மில்லிமீட்டர் பரப்பென்றால் 5000 பிக்சல் அகலம். பல படங்களை ஒட்ட வேண்டி வரும். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு படத்திலும் ஒளிச்சீரின்மையைத் திருத்தாவிட்டால், ஓரங்கள் மங்கி ஒட்டு ஓடும் இடமெல்லாம் கோடாகத் தெரியும்.

ஃபிஜி என்ற இலவசப் படப் பகுப்பாய்வு மென்பொருளில் பின்னணி நீக்கும் உருளும் பந்தின் ஆரம், மிகத் தடித்த குழாயின் அகலத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். சிறிதாக வைத்தால் பெரிய தமனியின் நடுவே குழி விழுந்து இரண்டு குழாய்களாகிவிடும். பிறகு சாயத்தையும் பின்னணியையும் பிரிக்கும் வெட்டுமதிப்பு, பிரகாசப் பரவலிலிருந்து தானாகக் கணக்கிடும் ஒட்சு முறையில். ஒரு செல்லைவிடச் சிறிய புள்ளிகளை நீக்குங்கள். 10 மைக்ரான் விட்டமுள்ள செல் இந்தப் பிக்சல் அளவில் ஏறத்தாழ 20 பிக்சல். அடுத்து ஒவ்வொரு குழாயையும் ஒரு பிக்சல் அகலக் கோடாக மெலித்து எலும்புக்கூடாக்கி, குழாயின் பாதி அகலத்தைவிடக் குட்டையான முட்களைக் களையுங்கள். கிடைத்த எலும்புக்கூட்டை மூலப் படத்தின் மேல் வண்ணத்தில் பதித்துக் கண்ணால் பாருங்கள். இந்தப் பத்து நிமிடச் சரிபார்ப்பைத் தவிர்ப்பவர்கள் பிற்பாடு மொத்தக் கணக்கையும் திரும்பப் போட வேண்டி வரும். இன்னொரு விஷயம்: நிரம்பிய பரப்பு, அதன் வெளிவிளிம்பு, எலும்புக்கூடு ஆகிய மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு பரிமாணங்கள் வரும். எதை அளந்தீர்கள் என்று எழுதாத எண்ணை இன்னொருவர் தன் எண்ணோடு ஒப்பிடவே முடியாது.

வெட்டுமதிப்பை 10% ஏற்றியும் இறக்கியும் மறுபடி முழுக் கணக்கையும் ஓட்டுங்கள். இரண்டு குழுக்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிட இந்த ஆட்டம் பெரிதாக இருந்தால், முடிவு சொல்ல உங்களிடம் ஒன்றும் இல்லை.

எண்ணும்போது கட்டத்தின் மிகச் சிறிய பக்கம் தந்துகியின் அகலத்தைப் போல் இரு மடங்கு, 20 மைக்ரான், அதாவது 10 பிக்சல். மிகப் பெரியது படத்தின் கால் பங்கு, 1250 பிக்சல். ஒவ்வொரு படியிலும் 1.4 மடங்கு பெருக்கினால் 15 அளவுகள் கிடைக்கும், வீச்சு 2.1 தசமப் படிகள். ஒவ்வோர் அளவிலும் கட்டத்தின் தொடக்கப் புள்ளியை 20 தற்செயல் இடங்களுக்கு நகர்த்தி எண்ணி, அவற்றில் மிகக் குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பரிமாணத்தின் வரையறை கேட்பது வடிவத்தை மூடப் போதுமான குறைந்தபட்சக் கட்டங்களைத்தான். அளக்கும் செவ்வகம் முழுக்கத் திசுவுக்குள்ளேயே இருக்க வேண்டும். திசுவின் ஓரம் உள்ளே வந்தால் அந்த ஓரத்தின் வளைவும் சேர்ந்து அளக்கப்படும். ஃபிஜியில் சேர்க்கக்கூடிய ஃப்ராக்லாக் இவற்றையெல்லாம் செய்யும், ஆனால் இயல்பாக அமைந்திருக்கும் அளவுகளை அப்படியே விடாமல் மேலே சொன்ன எல்லைகளை நீங்களே கொடுங்கள்.

கருவின் படத்தைக் கொடுப்பதற்கு முன் விடை தெரிந்த வடிவத்தைக் கொடுத்துப் பாருங்கள். செர்பின்ஸ்கி கம்பளம் இதற்கு வசதி. 729 பிக்சல் பக்கமுள்ள சதுரத்தை ஒன்பதாகப் பிரித்து நடுவை நீக்கி, மிஞ்சிய எட்டிலும் அதையே ஆறு மட்டம் வரை செய்தால், கட்டப் பக்கம் 243, 81, 27, 9, 3 என்று குறையும்போது எண்ணிக்கை 8, 64, 512, 4096, 32768 என்று ஏறும். சரிவு 1.893. கட்டங்களை 2, 4, 8 என்று வைத்து எண்ணினால் அதே கம்பளத்தில் சரிவு மேலும் கீழும் அலைவதைக் காண்பீர்கள். உங்கள் கருவி, உங்கள் அமைப்பில், எவ்வளவு பிழை செய்கிறது என்பதை அந்த அலைவு காட்டிவிடும். ஒரு நேர்கோட்டையும் ஒரு நிரம்பிய சதுரத்தையும் கூடவே ஓட்டுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய பொறி, உப்பும் மிளகும் தூவினாற்போல் வெளிப்படும் மரபணுக்களில் இருக்கிறது. சீப்ரா மீன் கருவின் நரம்புத் தட்டில் (நரம்பு மண்டலமாக மாறப்போகும் திசுவில்) டெல்டா-ஏ மரபணு சிதறிய செல்களில் தெரிவது போன்ற வடிவங்கள் அவை. கணக்கோடு பார்ப்போம். 512-க்கு 512 பிக்சல் படத்தில் 400 புள்ளிகளை முழுக்க முழுக்கத் தற்செயலாகத் தூவுங்கள். எந்த ஒழுங்கும் இல்லை, எந்த ஃப்ராக்டலும் இல்லை. 8 பிக்சல் கட்டத்தில் சராசரியாக 381 கட்டங்கள் நிரம்பும். 16-ல் 331. 32-ல் 202. 64-ல் 64, அதாவது அநேகமாக எல்லாக் கட்டமும். இதில் 16 முதல் 64 வரை கோட்டைப் பொருத்தினால் பரிமாணம் 1.19 என்று வரும், கோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஆர்-ஸ்கொயர் 0.95 என்று வரும். ஆளை நம்ப வைக்கும் எண்கள்தான், ஆனால் அவற்றின் பின்னால் ஒன்றுமே இல்லை. கட்டம் சிறிதானால் ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி, சரிவு 0. பெரிதானால் எல்லாமே நிரம்பும், சரிவு 2. நடுவில் உள்ள வளைவைத்தான் கோடு என்று நினைத்துக்கொள்கிறோம். இரு அச்சிலும் மடக்கை எடுத்தாலே ஆர்-ஸ்கொயர் உயர்ந்துதான் நிற்கும். அதைச் சான்றாக வைக்காதீர்கள்.

புள்ளிகளின் எண்ணிக்கை மாறினால் இந்தப் பொய்ப் பரிமாணமும் மாறும் என்பது இன்னும் மோசம். மரபணு மாற்றத்தால் வெளிப்படும் செல்கள் 400-லிருந்து 250 ஆகக் குறைந்திருந்தால், அடுக்கின் ஒழுங்கு துளியும் மாறாமலே பரிமாணம் குறைந்துவிடும். அதனால் தற்செயல் ஒப்பீடு இல்லாமல் எந்த எண்ணையும் வெளியே சொல்லக் கூடாது. எல்லா உட்கருக்களின் இடங்களையும் ஒரு டிஎன்ஏ சாயத்தால் குறித்துக்கொள்ளுங்கள். வெளிப்படுகிறது, வெளிப்படவில்லை என்ற அடையாளங்களை மட்டும் உட்கருக்களுக்கிடையே 1000 முறை குலுக்கிப்போட்டு, ஒவ்வொரு முறையும் அதே கட்டங்களில் எண்ணுங்கள். உங்கள் கருவின் வளைவு அந்த ஆயிரம் வளைவுகளின் பட்டைக்கு வெளியே எந்த மைக்ரான் அளவில் விலகுகிறது என்பதுதான் முடிவு. பக்கத்துச் செல்லை அடக்கும் நாட்ச் சமிக்ஞை வேலை செய்தால், ஒன்று இரண்டு செல் தூரத்தில் புள்ளிகள் தற்செயலைவிடச் சீராக விலகி நிற்பது தெரியும். குலுக்கும்போது உட்கரு இடங்களையே பயன்படுத்துவது அவசியம். வெற்றுப் பிக்சல்களில் தூவினால் இரண்டு செல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் சாத்தியம் உண்டாகி, உண்மையான திசு எப்போதுமே சீரானதாகத் தோன்றும்.

பரிமாணம் ஒன்றாக இருந்தும் இடைவெளிகள் வேறாக இருக்கும் வடிவங்கள் உண்டு. அதற்கு இடைவெளிகளின் சீரின்மையைக் காட்டும் லாகுனாரிட்டி என்ற அளவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டியைப் பிக்சல் பிக்சலாக நகர்த்தி, உள்ளே விழும் சாயப் பிக்சல்களை எண்ணி, வர்க்கங்களின் சராசரியைச் சராசரியின் வர்க்கத்தால் வகுத்தால் அது வரும். ஒரு பிக்சல் பெட்டிக்கு இந்த மதிப்பு, சாயம் மூடிய பங்கின் தலைகீழ்தான். 20% மூடியிருந்தால் 5. ஆகவே இதுவும் அடர்த்தியோடு சேர்ந்தே ஆடும், தற்செயல் ஒப்பீடு இதற்கும் வேண்டும். வெட்டுமதிப்பே வேண்டாம் என்றால், பிரகாசத்தை மூன்றாவது உயரமாகக் கொண்டு எண்ணும் வேறுபாட்டுப் பெட்டி முறை இருக்கிறது. ஆனால் அதில் கேமராவின் இரைச்சலும் கரடுமுரடாகவே எண்ணப்படும். ஒளிபாய்ச்சும் நேரமும் பெருக்கமும் எல்லாப் படத்திலும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்த முறையைத் தொடவே வேண்டாம்.

கான்ஃபோகல் நுண்ணோக்கி ஆழம் ஆழமாக எடுத்த பட அடுக்குகளைத் தட்டையாக்கி ஒரே படமாக்கும்போதும் ஓர் எல்லை உண்டு. முப்பரிமாணத்தில் 2-க்குக் குறைவான பரிமாணமுள்ள வடிவம், ஏறத்தாழ எந்தத் திசையில் நிழல் விழுந்தாலும் தன் பரிமாணத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். 2-க்கு மேற்பட்டது நிழலில் 2 ஆகிவிடும், வேறுபாடு அழிந்துபோகும். நுரையீரல் மொட்டு போல அடர்ந்து கிளைக்கும் உறுப்புக்குத் தட்டைப் படம் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

மாதிரி எண்ணிக்கையில் அலகு கருதான். ஒரு கருவில் ஆறு சதுரங்களை அளந்தால் மாதிரி ஆறு ஆகிவிடாது. ஆறின் சராசரி ஒரு தரவுப்புள்ளி. வயதைக் கடிகாரத்தால் பொருத்தாமல் உடலால் பொருத்துங்கள். கோழிக் கருவில் சோமைட் (முதுகின் இருபுறமும் வரிசையாக உருவாகும் திசுக்கட்டி) ஜோடி ஒன்று உருவாக 90 நிமிடம் ஆகிறது, சீப்ரா மீனில் 30 நிமிடம். சோமைட்டுகளை எண்ணி இணை சேர்த்தால், அடைகாப்பானின் வெப்பநிலை கொஞ்சம் முன்பின் ஆனாலும் ஒப்பீடு கெடாது. அளப்பவருக்கு எது இயல்பான கரு, எது மாற்றம் பெற்றது என்று தெரியாதபடி கோப்புப் பெயர்களை மறைத்துவிடுங்கள். முட்களைக் களையும் இடத்தில் கை தன்னையறியாமல் ஒரு பக்கம் சாய்வது இயல்பு.

ஒரே தாய்ச் செல்லிலிருந்து வந்த செல்கள் சேர்ந்து நிற்பதால் உருவாகும் ஒட்டுத் திட்டுகளும் நம்பிக்கை தரும் களம். 1990-ல் பிலிப் ஐயனக்கோன் இரு வம்சச் செல்கள் கலந்த கைமேரா எலிகளின் கல்லீரலில் இந்தத் திட்டுகளை ஃப்ராக்டலாக அணுகினார். செல் பிரிந்து சேய்ச் செல் பக்கத்திலேயே தங்குகிறது என்ற எளிய விதியே கரடுமுரடான விளிம்பைத் தரப் போதும். ஓர் எக்ஸ் குரோமோசோமில் மட்டும் ஒளிரும் மரபணு வைத்த பெண் சுண்டெலிக் கருக்களிலும் இதே கேள்வியைக் கேட்கலாம். அங்கே ஒரு பாதிச் செல்களில் அந்த எக்ஸ் அணைந்திருப்பதால் திட்டுகள் தானாகவே கிடைக்கும். அளவை மைக்ரானில் எழுதாமல் செல் விட்டத்தின் மடங்காக எழுதினால் வெவ்வேறு வயதுக் கருக்களை ஒரே வரைபடத்தில் வைக்கலாம்.

திசு மீது புள்ளி புள்ளியாக ஆர்என்ஏ படிக்கும் விசியம் சில்லில் இதைச் செய்யலாமா என்ற கேள்வியும் வரும். அதன் முதல் வகையில் ஒவ்வொரு புள்ளியும் 55 மைக்ரான் அகலம், நடுவிலிருந்து நடுவுக்கு 100 மைக்ரான், பிடிக்கும் பரப்பு 6.5 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் நீளமுள்ள சுண்டெலிக் கருவுக்குக் குறுக்கே 40 புள்ளிகள்தான் விழும். கீழ் எல்லை இரண்டு புள்ளி இடைவெளி, மேல் எல்லை கால் பங்கு என்று வைத்தால் 200 முதல் 1000 மைக்ரான் வரை, ஐந்து மடங்கு. அந்தத் தரவில் கட்டம் எண்ண வேண்டாம். அருகமைப் புள்ளிகளின் ஒற்றுமையை அளக்கும் மொரான் குறியீட்டைப் போடுங்கள்.